எழுத்துத் தடையும் தன்னறிதுயிலும்

எழுதும் திறனும் விருப்பமும் இருந்தும் எழுத முடியாமல் போகும் நிலை எழுத்துத் தடை. 1940களில் உளப்பகுப்பாய்வாளர் எட்மண்ட் பெர்க்லர் இதை விரிவாக ஆராய்ந்தார். எல்லா மௌனமும் தடையாகாது. கோவில்பட்டி வட்டார எழுத்தாளர் பூமணியின் ‘வரப்புகள்’ 1995இலும், அடுத்த நாவலான ‘அஞ்ஞாடி’ 2012இலும் வெளிவந்தன. கழுகுமலை, சிவகாசிக் கலவரங்கள் வரை விரியும் கரிசல் வரலாற்றைத் திரட்ட அத்தனை காலம் தேவைப்படும். அதை வறட்சி என்பது தவறு.

உண்மையான தடையின் அடியில் பெரும்பாலும் இருப்பது அச்சம். முதல் வரியே தேறிவிட வேண்டும் என்ற நெருக்கடியில் தோள் இறுகும், மூச்சு மேலோடும். எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் நூலாக்கிய தசைத் தளர்வு முறை இங்கே உதவும். கைமுட்டியைச் சில நொடி இறுக்கி, சட்டென விட்டு, விரல்களில் இளக்கம் பரவுவதைக் கவனிக்க வேண்டும்; பிறகு புயம், தோள், தாடை. ஜெர்மானிய மருத்துவர் யோஹன்னஸ் ஷுல்ட்ஸின் முறையில் ‘கை கனக்கிறது’, ‘கை வெதுவெதுப்பாகிறது’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வர்.

தன்னைத் தானே அறிதுயில் (ஹிப்னாஸிஸ்) நிலைக்குக் கொண்டுசெல்லும் தன்னறிதுயில், இந்தத் தளர்வுப் பயிற்சியின் அடுத்த படி. உடல் தளர்ந்ததும், ‘இன்று ஒரு பக்கம் எழுதுவேன், சுமாராக இருந்தாலும் சரி’ என்பதுபோன்ற சிறு வாக்கியத்தை மெல்லத் திரும்பச் சொல்வர். யோக நித்திரைப் பயிற்சியில் மனத்துக்குள் சொல்லிக்கொள்ளும் உறுதிமொழியான சங்கல்பம் இதற்கு நெருங்கிய உறவு. பயிற்சி பதற்றத்தைக் குறைக்கும். எழுதுவதற்கான பொருளைத் தராது. தடையுடன் தூக்கமின்மையும் மனச்சோர்வும் நீடித்தால் மருத்துவரைப் பார்ப்பதே முறை.