ரன் (ஆங்கிலச் சொல்)

‘ரன்’ என்பது ஓடுதலைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல், பெயர்ச்சொல்லாகவும் வழங்கும். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துதான். ஆனால் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி, வினையாக மட்டும் இதற்கு 645 பொருள்களைக் கணக்கிட்டிருக்கிறது. அவற்றைப் பிரித்து அடுக்கி முடிக்க அகராதியாசிரியர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. அதற்கு முன் முதலிடத்தில் இருந்த சொல் ‘செட்’. 1989இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் அதன் பொருள்கள் சுமார் 430.

வேர்

இச்சொல்லின் மூதாதை பழைய ஆங்கிலத்தின் ‘ரின்னன்’. வைக்கிங்குகளோடு வந்த நார்ஸ் மொழிச் சொற்களும் இதன் வடிவத்தைப் பாதித்தன. ஜெர்மன் மொழியில் இன்றும் ஓடுவதற்கு ‘ரென்னன்’, ஒழுகுவதற்கு ‘ரின்னன்’ என இரண்டு தனிச்சொற்கள் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஆறும் குழாய்த் தண்ணீரும் சளி பிடித்த மூக்கும், துவைக்கும்போது சாயம் போகும் துணியும் ஆங்கிலத்தில் ‘ரன்’ ஆவது இதனால்தான்.

அமெரிக்காவின் சில பகுதிகளில் சிற்றோடைக்கே ‘ரன்’ என்று பெயர். வர்ஜீனியாவில் ஓடும் புல் ரன் அப்படிப்பட்ட ஓர் ஓடை. உள்நாட்டுப் போரின்போது 1861இலும் 1862இலும் அதன் கரையில் இரண்டு பெரும் சண்டைகள் நடந்தன. வடக்கு மாநிலத்தார் அவற்றை ஓடையின் பெயரால் அழைத்தார்கள். தெற்கத்தியர் அருகிலிருந்த மனாசஸ் ஊரின் பெயரால் அழைத்தார்கள்.

இயந்திரங்கள்

நீராவி எஞ்சினும் ரயிலும் வந்தபோது ஆங்கிலம் புதுவினை தேடவில்லை. எஞ்சின் ‘ரன்’ ஆயிற்று, குறித்த நேரத்தில் செல்லும் ரயிலும் ‘ரன்’ ஆயிற்று. அச்சகத்தில் ஒரே மூச்சில் அடிக்கும் பிரதிகளின் தொகுதி ‘பிரின்ட் ரன்’. பின்னாளில் கணினி நிரலை இயக்குவதும் இதே சொல்லுக்குள் வந்து சேர்ந்தது.

விளையாட்டு

கிரிக்கெட்டில் ரன் என்பது மட்டையாளர்கள் ஓடிச் சேர்க்கும் கணக்கு. ஆனால் பந்து எல்லையைத் தாண்டினால் ஓர் அடி எடுத்து வைக்காமலே நான்கோ ஆறோ கிடைத்துவிடும். பேஸ்பாலில் கதை வேறு. பந்தை வேலிக்கு வெளியே அடித்தவரும் மூன்று முனைகளையும் தொட்டுச் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்தை மிதித்தால்தான் ‘ஹோம் ரன்’ கணக்கில் ஏறும். ஓடி முடிப்பதற்குள் ஸ்டம்பு சாய்ந்தால் கிரிக்கெட்டில் ‘ரன் அவுட்’. கடையில் சரக்கு தீர்ந்து போவதற்கும் அதே தொடர்தான்.

அரசியலும் வங்கியும்

தேர்தலில் போட்டியிடுபவர் அமெரிக்காவில் ‘ரன்’ செய்கிறார். பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’, அதாவது நிற்கிறார். தமிழர்களும் தேர்தலில் நிற்கவே செய்கிறார்கள்.

வங்கி திவாலாகும் என்ற பயத்தில் வாடிக்கையாளர்கள் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்கத் திரள்வது ‘பேங்க் ரன்’. 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் இது நடந்தது. ஒருவரும் ஓடவில்லை, பொறுமையாக வரிசையில் நின்றார்கள். வைப்புத் தொகைகளுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்த பிறகே கூட்டம் கலைந்தது. 2008 பிப்ரவரியில் வங்கி அரசுடைமை ஆனது.

மரபுத்தொடர்கள்

‘ரன் அமோக்’ என்றால் வெறிபிடித்துத் தறிகெட்டுத் திரிதல். அமோக் மலாய்ச் சொல். போர்த்துக்கீசியர் வழியே ஐரோப்பாவுக்குப் போனது. ‘ரன் த காண்ட்லெட்’ நாலாபுறமும் தாக்குதலைச் சந்திப்பதைக் குறிக்கும். குற்றம் செய்த சிப்பாயை இரண்டு வரிசை வீரர்களுக்கு நடுவே ஓடவிட்டு இருபுறமும் அடிக்கும் படைத் தண்டனையிலிருந்து இது பிறந்தது. மூலச்சொல் சந்து, ஓட்டம் என இரண்டும் சேர்ந்த சுவீடிய மொழியின் ‘காத்லொப்’. ஒலி மயக்கத்தில் அது இரும்புக் கையுறையைக் குறிக்கும் சொல்லாகத் திரிந்தது.

‘ரன் ஆஃப் த மில்’ ஆலையிலிருந்து தரம் பிரிக்காமல் வந்த சரக்கு, ஆகவே சராசரியானது. ‘ஆல்சோ ரேன்’ குதிரைப் பந்தயத்தின் கொடை. பத்திரிகையில் முடிவு போடும்போது முதல் மூன்று குதிரைகளுக்குக் கீழே மற்றவற்றை ‘இவையும் ஓடின’ என்று பட்டியலிட்டார்கள். இன்று தோற்றுப்போன வேட்பாளருக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது.

தமிழில்

‘ஓடு’ என்ற தமிழ்வினையும் இந்தப் பரப்பில் ஒரு பகுதியைச் சமாளிக்கிறது. பஸ் ஓடும், கடிகாரம் ஓடும், படம் நூறு நாள் ஓடும். கடையும் பள்ளிக்கூடமும் வரும்போது வழி பிரிகிறது. ஆங்கிலேயர் ‘ரன்’ செய்யும் கடையைத் தமிழர் ‘நடத்து’கிறார்கள், ‘நட’ என்பதன் பிறவினை அது. ஆங்கிலத்தில் ‘ரன்’ ஆகும் மூக்கும் காய்ச்சலும் அப்படித்தான்: தமிழில் மூக்கு ஒழுகும், காய்ச்சல் அடிக்கும். மட்டைப்பந்து வர்ணனையில் ‘ஓட்டம்’ என்ற சொல் புழங்கினாலும், தெருவில் விளையாடும் பையன்கள் கேட்பது ‘எத்தனை ரன்?’ என்றுதான்.