குடசப்பாலையும் வெட்பாலையும்: ஒரு பெயர்க்குழப்பத்தின் வரலாறு

புதுக்கோட்டை மாவட்டத்து வல்லத்திராக்கோட்டை வட்டாரத்தார்க்கு வெட்பாலை புதிய மரமன்று. அதன் இலையைத் தேங்காயெண்ணெயில் ஊறவைத்து வெயிலில் காயவிட்டுத் தோல்நோய்க்குப் பூசுவதை நாம் அறிவோம். ஆனால், கழிச்சலுக்கென நாட்டுமருந்துக் கடையில் 'வெட்பாலை அரிசி' கேட்போர்க்குக் கிடைக்க வேண்டியது வேறொரு மரத்தின் விதை. அம்மரம் குடசப்பாலை, வடமொழியில் குடஜம். இரண்டும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை, இரண்டிலும் பால் வடியும், பூக்களும் வெண்மையே. குடசப்பாலை விதை கடுங்கசப்பு. வெட்பாலை விதையில் அக்கசப்பு இல்லை. வெட்பாலையின் இரட்டைக் காய்கள் நுனியில் ஒட்டியிருக்கும். குடசப்பாலையின் காய்கள் பிரிந்து தொங்கும். இவ்வேறுபாட்டை மறந்ததால் நேர்ந்ததைக் காண்போம்.

டச்சு ஆளுநர் வான் ரீடு, இட்டி அச்சுதன் முதலிய மலையாள வைத்தியர்களின் துணையோடு உருவாக்கிய 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' நூலின் முதல் தொகுதி 1678இல் வெளிவந்தது. குடகப்பாலை என்னும் பெயரில் இம்மரம் அதில் இடம்பெற்றது. 1753இல் லின்னேயஸ், சீதக்கழிச்சலைத் தீர்ப்பது என்னும் பொருளில் இதற்கு ஒரு பெயர் சூட்டியபோது, மலபார் மரமும் இலங்கைச் செடி ஒன்றும் அப்பெயருக்குள் கலந்துவிட்டன. இன்று அப்பெயர் இலங்கைச் செடிக்கே உரியதாக நிற்கிறது!

18ஆம் நூற்றாண்டில் தலைச்சேரிப் பட்டை என்றும் கொனெசிப் பட்டை என்றும் பெயர்பெற்று இம்மருந்து ஐரோப்பா சென்றது. வெட்பாலைப் பட்டை அதனோடு கலந்து விற்கப்பட்டதால் பயன் குன்றி, நற்பெயரும் போயிற்று. 1858இல் கொனெசின் என்னும் காரப்பொருள் பட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அது அமீபாவை அழிக்கவல்லது எனப் பின்னர்த் தெரிந்தது. ஆயினும் 1912இல் கல்கத்தாவில் லியோனார்டு ராஜர்ஸ் அமீபாக் கழிச்சலுக்கு எமெட்டின் ஊசியைக் கையாண்டபின், தென்னமெரிக்கச் செடியொன்றின் வேரிலிருந்து பெற்ற அம்மருந்தே முன்னிடம் பிடித்தது.

மரத்தில் நேர்ந்த குழப்பம் இன்று நோயின் பெயரிலும் நேர்கிறது. குடல்புண் அழற்சியைச் சாமுவேல் வில்க்ஸ் 1859இல் விவரித்தார்; குரோன் நோய் பற்றிய கட்டுரை 1932இல் வெளிவந்தது. இவை உடலின் எதிர்ப்பாற்றல் பிறழ்வதோடு தொடர்புடைய நாட்பட்ட நோய்கள். நம் ஏடுகள் கூறும் கழிச்சல், கிராணி, குன்மம் ஆகியவற்றை இவற்றோடு ஒன்றுக்கொன்று பொருத்திவிட இயலாது. குருதியும் சீதமும் கலந்த கழிச்சல் அமீபாவாலும் வரும், குடல்புண் அழற்சியாலும் வரும், மருத்துவமோ வேறு. அமீபாவைக் கொல்லும் விதை, அழற்சி நோயை வருமுன் தடுக்கும் என்பதற்குச் சான்றில்லை. 2006இல் சப்பானில் 89 நோயாளரிடம் நடந்த ஆய்வில், வழக்கமான மருந்தோடு மஞ்சளின் குர்க்குமினையும் உட்கொண்டோர்க்குக் குடல்புண் அழற்சி மீள்வது ஆறு மாதக் காலத்தில் குறைந்தது. அதுவும் தணிந்த நோய் திரும்பாமல் காத்தலைப் பற்றியதே.

மருந்தைப் பற்றிய அதிகாரத்தில் வள்ளுவர் நோயையும் அதன் முதலையும் ஆராய்தலை முன்வைக்கிறார். குருதிக் கழிச்சல் கண்டவர் முதலில் மருத்துவரை நாடி நோயின் பெயரை உறுதிசெய்து கொள்ளட்டும். பெயர் பிழைத்ததால் ஒரு நல்ல மருந்தை நாம் இழந்தோம்; அதே பிழையால் உயிர்களை இழத்தல் வேண்டா.