நகர இரயிலின் செலவு யாருடையது?

சந்தவாசலில் பட்டுத் தறியில் அமர்ந்து நெய்பவருக்குச் சென்னை மெட்ரோ இரயில் தொலைதூரச் செய்தியே. ஆயினும் அவர் நெய்யும் சேலை விலைபோகும்போதும், அவர் ஏறிச் செல்லும் பேருந்துக்கு டீசல் நிரப்பும்போதும் வரியின் ஒரு பகுதி நடுவண் அரசின் கருவூலத்தைச் சென்றடைகிறது. அக்கருவூலத்திலிருந்து மாநகர இரயிலுக்குப் பணம் தருவது முறையா என்னும் வினா, ஆதலால், நம் வட்டார மக்களுக்கும் உரியதே.

சென்னையில் மின்சார டிராம் வண்டி ஓடத் தொடங்கியது 1895இல். அதனை நடத்தியது ஒரு தனியார் நிறுமம். நட்டம் மிகுந்து 1953 ஏப்ரலில் வண்டிகள் நின்றபோது, அவற்றைத் தாங்கிப் பிடிக்க எந்த அரசும் முன்வரவில்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே நம் அரசியலமைப்புச் சட்டம் இரயில்வேயை நடுவண் அரசிடமும், நகராட்சி டிராம்களை மாநிலங்களிடமும் ஒப்படைத்திருந்தது. மண்ணுக்கடியிலும் பாலத்தின் மீதும் ஓடும் நகர இரயில் இவ்விரண்டுக்கும் இடையில் வந்து பிறந்த பிள்ளை. யார் வளர்ப்பது என்ற வழக்கு அன்று தொடங்கியதுதான்.

கொல்கத்தா மெட்ரோவுக்கு 1972இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1984இல் முதல் வண்டி ஓடியது. கட்டியதும் செலவை ஏற்றதும் இரயில்வே துறையே. சென்னைக் கடற்கரையிலிருந்து மயிலாப்பூர்வரை சென்ற பறக்கும் இரயிலின் முதற்கட்டமும் (1995–97) அவ்வாறே. ஆனால் வேளச்சேரிவரை அதனை நீட்டியபோது, செலவில் மூன்றில் இரு பங்கு மாநிலத்தின் தலையில் விழுந்தது. தில்லியில் மூலதனப் பங்கு இரு அரசுகளுக்கும் சரிபாதி. சென்னை மெட்ரோ முதற்கட்டத்திலோ (2009 ஒப்புதல், ரூ.14,600 கோடி) இரு அரசுகளும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வீதம் தர, எஞ்சியது சப்பான் நாட்டுக் கடன். ஒரே வகைப் பணிக்கு இத்தனை அளவுகோல்கள்! இவற்றை வகுத்தது கொள்கையன்று, காலமும் பேரமுமே என்பது நம் கருத்து.

இதன் கசப்பை இரண்டாம் கட்டம் நன்கு காட்டியது. 118.9 கி.மீ. நீளமும் ரூ.63,246 கோடி மதிப்பும் உடைய அத்திட்டத்திற்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2021ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையிலும் நடுவண் அரசு அதற்குப் பங்களிப்பை அறிவித்தது. எனினும் ஒப்புதல் 2024 அக்டோபரில்தான் வந்தது. அதுவரை அது மாநிலத் திட்டமாகவே கருதப்பட்டுச் சுமையின் பெரும்பகுதியை மாநிலம் சுமந்தது. இப்போது நடுவண் அரசு ஏறத்தாழ 65 விழுக்காடு ஏற்பதாகச் சொல்லப்படுகிறது. அதில் ரூ.33,593 கோடி கடன். அதனை மெட்ரோ நிறுவனமே திருப்பிச் செலுத்த வேண்டும், இயலாவிடில் மாநிலம் கைகொடுக்க வேண்டும். பங்கு மூலதனமாகவும் துணைக்கடனாகவும் நடுவண் அரசு தருவது ரூ.7,425 கோடி, அதாவது எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. விழுக்காட்டைக் கேட்டு மகிழுமுன் இதனையும் வாசகர் நோக்க வேண்டும்.

அமெரிக்காவிலும் இவ்வழக்கு நடந்தது. 1956இல் நெடுஞ்சாலைகளுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு தந்த கூட்டரசு, நகரப் போக்குவரத்துக்கென்று தனிச் சட்டம் இயற்றியது 1964இல்தான். உழவர் மாநிலத்தார் நகரத்தாருக்காக ஏன் வரி கட்ட வேண்டும் என்ற கேள்வி அங்கும் எழாமல் இல்லை. 1982இல் எரிபொருள் வரியை உயர்த்தியபோது, உயர்த்திய ஐந்து காசில் ஒரு காசு நகரப் போக்குவரத்துக்கென ஒதுக்கப்பட்டது. நாம் கற்கத்தக்கது அந்த ஒரு காசு. எவ்வளவு வரும் என்பதை நகரங்கள் முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு திட்டத்துக்கும் தலைநகரின் கதவைத் தட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே நடுவண் அரசு தர வேண்டும் என்பதே நம் துணிபு. சென்னையில் ஈட்டப்படும் வரியும் அங்கேதான் செல்கிறது. நம் சேலைகள் விலையாவதும் அத்தகைய நகரங்களில்தான். ஆனால் எல்லா மாநிலத்துக்கும் ஒரே விகிதமாக, சட்டத்தில் எழுதப்பட்டதாக அது இருக்க வேண்டும். ஊர்ப்புறத்தின் பங்கும் அதே ஏட்டில் இடம்பெற வேண்டும். 'ஆரணி ரோடு' இரயில் நிலையம் இருப்பது ஆரணியிலன்று, களம்பூரில். ஆரணி வழியாகத் திண்டிவனத்தையும் நகரியையும் இணைக்கும் இருப்புப்பாதைக்கு 2006-07இலேயே ஒப்புதல் கிடைத்தது. சென்னை மெட்ரோ முதற்கட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது அதற்குப் பின்னர். அதில் 2015 முதல் வண்டி ஓடுகிறது.