வலைப்பந்தாட்டத்தை வளர்த்த பெண்கள்

எமது கல்லூரியில் படித்த எவருக்கும் வலைப்பந்தாட்டம் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. ஆடியவர்கள் ஒரு பங்கு என்றால், மைதான ஓரத்தில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தியவர்கள் ஒன்பது பங்கு. ஆனால் இந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது, பெண்களுக்கென்று தனியாக ஓர் ஆட்டம் ஏன் வேண்டியிருந்தது என்பதை எமக்கு யாரும் வகுப்பில் சொல்லித் தந்ததில்லை. அதிபர்களின் வரலாறும் கட்டடங்களின் வரலாறும் இடம்பெறும் நூற்றாண்டு மலரில் இந்தக் கதைக்கும் சில பக்கங்கள் இருக்கட்டும்.

1891 டிசெம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இரண்டு பழக்கூடைகளை உள்ளரங்கின் மேல்விளிம்பில் கட்டிக் கூடைப்பந்தாட்டத்தைத் தொடக்கிவைத்தார். அடுத்த ஆண்டே ஸ்மித் மகளிர் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியை சென்டா பெரன்சன் தமது மாணவியருக்காக அதை மாற்றியமைத்தார். அடுத்தவர் கையிலிருந்து பந்தைப் பறிக்கக்கூடாது. களம் மூன்றாகப் பிரிக்கப்படும். அவரவர் பகுதியை விட்டு வெளியேறக்கூடாது. இன்று நாம் கோட்டைத் தாண்டினால் நடுவர் விசில் ஊதுவதன் வேர் இதுதான். நியூ ஓர்லியன்ஸில் கிளாரா பேயர் என்ற ஆசிரியை, நெய்ஸ்மித்தின் வரைபடத்திலிருந்த புள்ளிக்கோடுகளைத் தாண்டக்கூடாத எல்லைகள் என்று தவறாக விளங்கிக்கொண்டதாகவும் ஒரு கதை உண்டு.

ஆட்டம் அத்திலாந்திக்கைக் கடந்து வந்து சேர்ந்த இடம், ஓர் அசாதாரணமான பெண்மணியின் கல்லூரி. 1849 இல் சுவீடனில் பிறந்த மார்ட்டினா பேர்க்மன் ஒஸ்டர்பேர்க், 1881 இல் இலண்டன் பாடசாலைச் சபையில் பெண்பிள்ளைகளின் உடற்பயிற்சிக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்டார். 1885 இல் ஹாம்ப்ஸ்டெட்டில் உடற்கல்வி ஆசிரியைகளை உருவாக்கும் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். அது 1895 இல் கென்ற் மாவட்டத்தின் டார்ட்ஃபோர்டுக்கு இடம்மாறியது. அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு விருந்தினரே அங்கு கூடைப்பந்தை அறிமுகப்படுத்தினார். அப்போது வளையம் கிடையாது, அச்சிட்ட விதியும் கிடையாது. சுவரில் தொங்கவிட்ட குப்பைக் காகிதக் கூடைகளுக்குள் மாணவியர் பந்தைப் போட்டார்கள். பின்னர் வளையமும் வலையும் வந்தன, பெயரும் மாறியது. 1901 இல் லிங் சங்கம் விதிகளை அச்சிட்டபோது வெளிவந்தவை 250 பிரதிகள் மட்டுமே.

இங்கே மருத்துவராக ஒரு சொல் சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை. ஒஸ்டர்பேர்க் எதிர்கொண்ட பெருந்தடைகளுள் ஒன்று எமது தொழிலிலிருந்தே வந்தது. 1873 இல் பொஸ்டன் நகர மருத்துவர் எட்வர்ட் கிளார்க், பெண்பிள்ளைகள் ஆண்களைப் போலப் படித்தால் அவர்களுடைய இனப்பெருக்க உறுப்புகள் பாதிக்கப்படும் என்று ஒரு நூலே எழுதினார். அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் மனநல மருத்துவர் ஹென்றி மோட்ஸ்லி அதையே தம் பங்குக்கு எடுத்துரைத்தார். உடலில் இருக்கும் சக்தி ஓர் அளவுதான், மூளைக்குப் போனால் கருப்பைக்கு இல்லை என்பது அவர்களுடைய கணக்கு. அதே ஆண்டில் மோட்ஸ்லிக்குப் பதில் எழுதியவர் எலிசபெத் கரட் அண்டர்சன். பிரித்தானியாவில் மருத்துவராகப் பதிவுபெற்ற முன்னோடிப் பெண்களில் அவரும் ஒருவர். பெண்களைச் சோர்வடையச் செய்வது படிப்பல்ல, செய்வதற்கு ஒன்றுமில்லாத சலிப்பே என்பது அவர் வாதத்தின் சாரம். ‘மாதவிலக்கு நாளில் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது’ என்று எமது வெளிநோயாளர் பிரிவில் இன்றும் தாய்மார் மகள்மாருக்குச் சொல்வதைக் கேட்கும்போது, கிளார்க் இன்னும் ஓய்வுபெறவில்லை என்றே தோன்றுகிறது.

ஒஸ்டர்பேர்க்கை அப்படியே தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம். கட்டணம் கட்டக்கூடிய வசதியான வீட்டுப் பெண்களுக்கே அவருடைய கல்லூரி திறந்திருந்தது. தம் அளவுகோலுக்கு எட்டாத மாணவியைப் பாதியில் வெளியேற்ற அவர் தயங்கியதில்லை. பலமான பெண்கள் பலமான இனத்தைப் பெறுவார்கள் என்ற, அக்காலத்தில் பலரும் பேசிய கருத்தும் அவரிடம் இருந்தது; இன்று அது எமக்கு உவப்பானதல்ல. எனினும் உடற்கல்வியைப் பெண்கள் சம்பளம் பெற்றுச் செய்யும் மதிப்புள்ள தொழிலாக்கியவர்களில் அவரை முதல் வரிசையில் வைக்கவேண்டும். இறக்கும் ஆண்டான 1915 இல் கல்லூரியைப் பொதுநம்பிக்கைப் பொறுப்பில் ஒப்படைத்தார். அங்கும் அதைப் பின்பற்றிய கல்லூரிகளிலும் பயின்ற ஆசிரியைகள் பேரரசின் மூலைமுடுக்கெல்லாம் பெண்கள் பாடசாலைகளுக்குப் போனார்கள். பந்தும் அவர்களோடு போயிற்று. பாடசாலைப் பெண்கள் அணிந்த மடிப்பு வைத்த கையில்லாச் சட்டையையும் அந்தக் கல்லூரி மாணவியான மேரி டெய்ற்தான் வடிவமைத்தார் என்பார்கள். நீண்ட பாவாடையோடு ஓடிப் பார்த்தவருக்குத்தான் அதன் அருமை தெரிந்திருக்கும்.

இதோடு ஒப்பிட இன்னொரு ஆட்டம் உண்டு. ஒலிம்பிக்கில் நாம் பார்க்கும் ஹான்ட்போல். எமது ஊர்க் கரப்பந்து அல்ல, எழுவர் எழுவராகப் பந்தைக் கையால் எறிந்து கோல் போடுவது. முதலாம் உலகப் போரின் நடுவே, 1917 ஒக்டோபரில், பேர்லினில் மக்ஸ் ஹைசர் என்பவர் அதற்கு விதி எழுதினார். யாருக்காக? பெண்களுக்காக. ஒருவரையொருவர் இடிக்காமல் ஆடும் ஆட்டமாக அது இருந்தது. 1919 இல் கார்ல் ஷெலென்ஸ் ஆண்களையும் ஈர்ப்பதற்காக விதிகளை மாற்றினார்; உடலோடு உடல் மோதுவதற்கு இடம் வந்தது. 1936 பேர்லின் ஒலிம்பிக்கில் அதை ஆடியவர்கள் ஆண்கள் மட்டுமே. பெண்களுக்கு அந்த வாசல் திறந்தது 1976 இல், மொன்ரியலில். அவர்களுக்கென்று ஆக்கிய ஆட்டத்தில் அவர்கள் நாற்பது ஆண்டுகள் வெளியே நின்றார்கள்.

வலைப்பந்துக்கு அது நேரவில்லை. சங்கங்களை நடத்தியவர்கள், நடுவர்கள், விதி எழுதியவர்கள் எல்லோரும் பெண்களே. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது. சர்வதேச ஒலிம்பிக் குழு 1995 இல் ஆட்டத்தை அங்கீகரித்தது. ஆயினும் ஒலிம்பிக்கில் அது இன்றுவரை ஆடப்படவில்லை. கொமன்வெல்த் விளையாட்டில் இடம் கிடைத்தது 1998 இல்தான். பணமும் தொலைக்காட்சியும் எட்டிப் பார்க்காத ஆட்டம் தன் கையிலேயே இருப்பதா, ஆண்கள் கைக்குப் போய் ஒலிம்பிக்குக்கு ஏறுவதா என்று கேட்டால் எம்மிடையே இரண்டு கட்சி இருக்கும். நாம் முதலாவது கட்சி.

இலங்கைக்கு இந்த ஆட்டம் 1920களில் வந்தது. கண்டிப் பெண்கள் உயர்தரப் பாடசாலையின் சாரணியரே முதலில் ஆடியவர்கள் என்று சொல்லப்படுகிறது. அங்கிருந்து மிஷன் பாடசாலைகள், பின்னர் இந்து, பௌத்த மகளிர் கல்லூரிகள் என்று பரவியது. ஒரு கம்பமும் ஒரு வளையமும் போதும், பின்பலகைகூட வேண்டாம் என்பதால் ஏழைப் பாடசாலைக்கும் அது ஏற்றதாயிற்று.

உலக வரலாற்றில் எமது தீவுக்கு ஒரு தனி இடம் இருப்பது பலருக்குத் தெரியாது. ஐம்பதுகளில் ஒவ்வொரு நாடும் தன் விதிப்படியே ஆடியது. நியூசிலாந்தில் 1959 வரை அணிக்கு ஒன்பது பேர். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1970 வரை பெயரே ‘மகளிர் கூடைப்பந்து’தான். 1956 இல் இங்கிலாந்துக்குச் சுற்றுப்பயணம் போன அவுஸ்திரேலிய அணி, யாருடைய விதிப்படி ஆடுவது என்று திண்டாடியது. இந்தச் சிக்கலைத் தீர்க்க அவுஸ்திரேலியா, இங்கிலாந்து, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் 1960 இல் கூடிய இடம் இலங்கை. சர்வதேசச் சம்மேளனம் பிறந்ததும், ஏழு பேர் அணியும் ஒரே விதியும் உறுதியானதும், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை உலகப் போட்டி என்று முடிவானதும் இங்கேதான். 1963 இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ணில் நடந்த முதல் போட்டியில் பதினொரு அணிகளில் ஒன்றாக இலங்கையும் ஆடியது. அவுஸ்திரேலியா நியூசிலாந்தை 37க்கு 36 என்று ஒரே கோலால் வென்றது.

எமது மைதானத்தின் வரலாற்றை எழுதக் கூடியவர்கள் எம்மைவிட மூத்தோரில் பலர் உள்ளனர். தொண்ணூறுகளில் படித்தவர்களுக்கு நினைவிருப்பது வேறு. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. அடுத்த ஆண்டு நாம் திரும்பி வந்தபோது கம்பங்கள் நின்றன, வளையங்கள் இல்லை. விளையாட்டுப் பொறுப்பாசிரியை கொல்லன் பட்டறையில் இரும்புக் கம்பி வளைப்பித்து, தாமே சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்து சேர்த்தார். பெயரைப் போட்டால் கோபிப்பார், படித்தவர்களுக்குத் தெரியும். அந்த வளையம் சற்று முட்டை வடிவானது. அதில் பழகிய எமது ஜி.எஸ். வேறு பாடசாலை வளையத்தில் பந்தை எறிந்தபோது, இது மிகப் பெரிது, வெட்கமாக இருக்கிறது என்றாள்.

அந்நாளில் முழங்கால் வீங்கினால் நல்லெண்ணெய் தடவிக் கட்டுவது தவிர வேறு வைத்தியம் தெரியாது. பந்தைப் பிடித்ததும் ஊன்றிய காலை நகர்த்தாமல் நிற்கவேண்டும் என்பது விதி. ஓடிவந்த வேகம் முழுவதையும் ஒரு முழங்கால் தாங்குகிறது. ஆகவே இந்த ஆட்டத்தில் கணுக்காலும் முழங்காலும்தான் அதிகம் காயப்படும். ஏ.சி.எல். எனப்படும் முழங்கால் இணைப்புநார் அறுந்தால் பெரும்பாலும் அந்தப் பருவமே போய்விடும். அவுஸ்திரேலியாவில் இதைத் தடுக்கவென்றே ஆட்டத்துக்கு முன் செய்யும் பயிற்சித் திட்டம் ஒன்றை வகுத்திருக்கிறார்கள். குதித்து, முழங்காலை மடித்து, மெதுவாக இறங்கப் பழகுவதே அதன் அடிப்படை. கருவி ஒன்றும் வேண்டாம். எமது தற்போதைய அணிக்கு நாளைக்கே தொடங்கலாம்.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்தின் ஈவினைக் கிராமத்தில் எம் வயதொத்த ஒரு பெண் வளர்ந்துகொண்டிருந்தார். மிகவும் வளர்ந்துகொண்டிருந்தார். தர்ஜினி சிவலிங்கம் 1979 இல் பிறந்தவர். உயரம் 208 சென்ரிமீற்றர். அவர் படித்த வயாவிளான் மத்திய கல்லூரி 1990 இல் இடம்பெயர்ந்து, ஆண்டுக்கணக்கில் சொந்த வளவுக்கு வெளியே இயங்கிய பாடசாலை. கிழக்குப் பல்கலைக்கழகம் வழியாகத் தேசிய அணிக்குப் போனார். அந்த உயரத்தோடு எமது ஊரில் பஸ்ஸில் ஏறி, தெருவில் நடந்து வளர்வது எப்படிப்பட்டது என்று எமது பெண்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஊர் பார்த்துச் சிரித்த உயரம் 2009 இல் ஆசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தது. 2011 உலகப் போட்டியில் சிறந்த கோல் எறிபவர் என்ற பெயரையும் பெற்றுத்தந்தது. உயரம் மட்டும் போதாது. வளையத்துக்குப் பின்பலகை இல்லை, மூன்று வினாடிக்குள் எறியவேண்டும், எதிரணியின் இருவர் கையை விரித்து நிற்பார்கள். பந்து தவறாமல் விழுவதற்குப் பின்னால் ஆயிரக்கணக்கான காலைகள் இருக்கின்றன.

சில ஆண்டுகள் தேசிய அணிக்கு வெளியே இருந்து 2018 இல் திரும்பினார். அவ்வாண்டு திலகா ஜினதாசவின் பயிற்சியில் இலங்கை மீண்டும் ஆசிய சம்பியனானது. இறுதியில் சிங்கப்பூரை 69க்கு 50 என வென்றது. மெல்பேர்ணின் சிற்றி வெஸ்ற் ஃபல்கன்ஸ் கழகமும் அவரை அழைத்துக்கொண்டது. 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் இலங்கை பதினாறு அணிகளில் பதினைந்தாவது. ஆனால் தொடரிலேயே அதிக கோல் போட்டவர் தர்ஜினி.

எமது பிள்ளைகளில் நன்றாக ஆடுபவர்கள் சாதாரண தரத்தோடு பந்தை வைத்துவிடுகிறார்கள். உயர்தரம் உயிரியல் பிரிவு என்றால் மாலை முழுவதும் தனியார் வகுப்பு. பெற்றோரைக் குறைசொல்ல எமக்கு நாக்கு எழவில்லை. எம்மையும் அப்படித்தான் ஆளாக்கினார்கள். ஆனால் பதினாறு வயதில் ஆட்டம் முடிந்துவிடும் என்ற கணக்கு எங்கே எழுதியிருக்கிறது? 2022 செப்டெம்பர் 11 அன்று, ஆண்கள் கிரிக்கெட் அணி டுபாயில் ஆசியக் கிண்ணத்தை வென்ற அதே நாளில், வலைப்பந்து அணி சிங்கப்பூரில் 63க்கு 53 என்று வென்று ஆறாவது முறையாக ஆசிய சம்பியனானது. கட்டுநாயக்கவிலிருந்து நடந்த ஊர்வலத்தில் இரு அணிகளும் வந்தன. தர்ஜினிக்கு அன்று வயது 43. அடுத்த ஆண்டு கேப் டவுனில் நடந்த உலகக் கிண்ணத்திலும் வளையத்தடியில் அவர் நின்றார்.