பேர் மட்டும் எழுதிட்டு உள்ளே போங்க

"விசா ஃப்ரீ" என்று காதில் விழுந்தாலே நம்மாட்கள் பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு கொடுத்தது. சரியாக ஒரே மாதம்... 2024 ஜனவரி 1 முதல், கிளம்புவதற்கு முன்பே இணையத்தில் வருகை அட்டை நிரப்பவேண்டும் என்றார்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்கவேண்டும் என்பது தனி. விசா போனது, பதிவு போகவில்லை. வங்கியில் கேஒய்சி ஃபாரம் பார்த்தே கண் பூத்தவன் நான், எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. அந்தப் பதிவேடு யார் கையில் இருக்கிறது, எதற்கு உதவுகிறது என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

எங்க ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கோலார் தங்கவயலில் நந்திதுர்க், சாம்பியன் ரீஃப், உரிகம், மைசூர் என்று நாலு மைன்ஸ். கம்பெனி நாலு, நிர்வாகம் மட்டும் ஒன்றே: லண்டன் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ். வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கத்திலிருந்து மைசூர் சமஸ்தானத்துக்குள் பிழைக்க வந்த ஜனங்கள். ஒரு சுரங்கத்தில் மேஸ்திரியோடு தகராறு என்றால் அடுத்ததில் வேறு பேரைச் சொல்லிச் சேர்ந்துகொள்ள வழி இருந்தது. 1930-ல் எல்லோரையும் கைரேகை வைத்துப் பதிவு செய்ய நிர்வாகம் கிளம்பியது. ரேகைக்கு வேறு பேர் சொல்ல முடியாதே! ஆயிரக்கணக்கானவர்கள் 21 நாள் சுரங்கத்தில் இறங்கவில்லை. அப்போது அங்கே அவர்களுக்கென்று ஒரு சங்கம்கூடக் கிடையாது. (இன்னொரு தங்க பூமியான டிரான்ஸ்வாலில் 1906-ல் இந்தியர்களிடம் ரேகை கேட்டுத்தான் காந்தியின் சத்தியாகிரகமே பிறந்தது.)

அதே காலத்தில் திருச்சி, மதுரை, சேலம் பக்கத்து ஜனங்கள் இன்னொரு திசையில் போய்க்கொண்டிருந்தார்கள், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு. 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபின் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது. எல்லாம் ஒரே வெள்ளைக்கார ராஜ்யம்.

ஆனால் பதிவு இருந்தது. தோட்டத்துக்குப் போகிறவர்களை மண்டபம் கேம்பில் நிறுத்தி, சில நாள் தனிமையில் வைத்து, அம்மை குத்தி அனுப்பினார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று எண் அடித்த தகர வில்லை ஒன்று, லக்கேஜுக்குக் கட்டுவதுபோல. தோட்டம் மாறவேண்டுமென்றால் 'துண்டு' வேண்டும்: இவ்வளவு கடன் பாக்கி, கட்டினால் ஆளை விடுவிக்கிறோம் என்று பழைய தோட்டம் எழுதித் தரும் சீட்டு. எங்கள் பாஷையில் நோ டியூஸ் சர்டிஃபிகேட்! கடன் வீட்டுக்கல்ல, மனுஷனுக்கு. துண்டை 1921-ல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கே 'பேர்' என்றுதான் பெயர், பாதி நாள் என்றால் அரைப்பேர். பேர் எழுதியது துரையின் செக்ரோலில், தொழிலாளி கையில் ஒரு காகிதமும் இல்லை.

1948-ல் இலங்கை சுதந்திரம் அடைந்த கையோடு குடியுரிமைச் சட்டமும், பாஸ்போர்ட்-விசாவைக் கட்டாயமாக்கும் குடிவரவுச் சட்டமும் வந்தன. தலைமுறையாக இருந்தவர்கள் ஒரே நாளில் நாடற்றவர்கள். 1949-ல் ஒரு சன்னல் திறந்தது: 1946 ஜனவரி 1-க்கு முன், கல்யாணமானவர் ஏழு வருஷம், ஆகாதவர் பத்து வருஷம் தொடர்ந்து இலங்கையில் இருந்ததை நிரூபிக்கவேண்டும். இடையில் 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்தது. ஊர்த் திருவிழாவுக்கும் சாவுக்கும் பாஸ்போர்ட் இல்லாமல் போய்வந்தவர் எந்தத் தேதியில் திரும்பினார் என்று எதைக் காட்டுவார்? முத்திரை குத்தப் புத்தகமே இல்லையே. எட்டு லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்காக மனு போட்டார்கள். கிடைத்தது ஒன்றரை லட்சம் பேருக்கும் குறைவு.

அப்புறம் 1964 அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பேலன்ஸ் ஷீட் மாதிரி போட்டார்கள். 1974-ல் அந்த மீதியையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். பாஸ்போர்ட் இல்லாமல் போனவர்களின் பிள்ளைகளுக்கு முதல் பாஸ்போர்ட் கிடைத்தது, திருப்பி அனுப்பத்தான்.

மண்டபம் கேம்ப் இன்றும் இருக்கிறது. 1983 கலவரத்துக்குப் பிறகு படகில் வந்து இறங்கிய இலங்கைத் தமிழர்களை அங்கேதான் பதிவு செய்தார்கள். 2025 செப்டம்பர் 1-ல் இந்தியாவின் புதிய குடிவரவு, வெளிநாட்டவர் சட்டம் அமலுக்கு வந்து, 1920-ஆம் வருஷத்து பாஸ்போர்ட் நுழைவுச் சட்டம் காலாவதியானது. கூடவே ஒரு விலக்கு ஆணை. அதன்படி நேபாள, பூட்டான் குடிமக்கள் தங்கள் எல்லை வழியாக வர பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டாம். 2015 ஜனவரி 9 வரை அடைக்கலம் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் காகிதம் இல்லாவிட்டாலும் தண்டனை கிடையாது. குடியுரிமை பற்றி அந்த ஆணையில் ஒரு வரியும் இல்லை.