இஸ்ரவேலர்: சமயமும் இலங்கைத் தொடர்பும்

இஸ்ரவேலர் மேற்காசியாவின் கானான் நாட்டில் வாழ்ந்த பழங்கால மக்கள்; யூதர்களின் முன்னோர். அவர்கள் பெயர் காணப்படும் மிகப் பழைய சான்று, கி.மு. 1208 அளவில் எகிப்து மன்னன் மெர்னெப்தா நிறுத்திய கல்வெட்டு. பின்னர் வடக்கே இஸ்ரவேல், தெற்கே யூதா என இரண்டு அரசுகள் இருந்தன. வட அரசை கி.மு. 722 அளவில் அசீரியர் அழித்தனர். கி.மு. 586 அளவில் பாபிலோனியர் எருசலேமையும் அதன் ஆலயத்தையும் தகர்த்தனர்.

எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து தங்களை மீட்ட கர்த்தரை மட்டுமே வணங்குவதாக உடன்படிக்கை செய்த மக்கள் என்று பழைய ஏற்பாடு இவர்களைக் காட்டுகிறது. ஆயினும் ஒரே கடவுள் கொள்கை படிப்படியாகவே உறுதிப்பட்டது. சினாய்ப் பாலைவனத்தின் குந்திலத் அஜ்ருதில் கிடைத்த பழைய எழுத்துகள் கர்த்தரோடு அஷேரா என்ற பெண்தெய்வத்தின் பெயரையும் சொல்லி ஆசி கூறுகின்றன. வழிபாடு பெரிதும் சடங்கு சார்ந்தது. பலிபீடம், தூபம், ஏழு கிளை விளக்கு, படைக்கும் அப்பம், ஆசாரியரின் நீராட்டு, தீட்டு விதிகள், பிறைநாள், ஓய்வுநாள் எல்லாம் அதில் உண்டு.

இந்தச் சடங்குகளை இலங்கையில் மிகக் கூர்மையாகப் படித்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பாதிரியார் பீட்டர் பேர்சிவலுக்கு விவிலியத் தமிழாக்கத்தில் துணைநின்றதால், பழைய ஏற்பாடு அவருக்குக் கைவந்த நூலாயிற்று. சைவரின் திருவிழாவையும் அபிடேகத்தையும் நைவேத்தியத்தையும் மிஷனரிகள் பழித்தபோது, 1854 இல் வெளியிட்ட 'சைவ தூஷண பரிகாரம்' என்ற நூலில் அவர் இஸ்ரவேலரையே சாட்சிக்கு அழைத்தார். ஆலயம், தூபம், படையல், தூய்மை விதி ஆகியவற்றைக் கர்த்தரே கட்டளையிட்டார் என்று நம்புகிறவர் அவற்றைச் சைவரிடம் மட்டும் குற்றமாகக் காண்பது எப்படி நியாயம் என்பது அவர் வாதம். இஸ்ரவேலர் சமயத்தை அதன் சடங்குகளின் வழியே விளங்கிக்கொண்ட முதல் தமிழ் வாசிப்புகளுள் ஒன்றாக இதை மதிக்கவேண்டும்.

அதே 1854 இல் மலையகத்தில் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து, வழியில் பலரைப் பறிகொடுத்துக் கோப்பித் தோட்டங்களை அடைந்த தமிழ்த் தொழிலாளருக்கு அந்த மிஷனின் உபதேசிமார் வழியே வந்தது இஸ்ரவேலரின் வனாந்தரப் பயணக் கதை. கினிகத்தேனை, அட்டன் பக்கத்துத் தோட்டங்களில் அதைக் கேட்டவர்களுக்கு விளக்கவுரை தேவைப்பட்டிராது.

இஸ்ரவேலரின் வழித்தோன்றல்களான யூதர் இதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இலங்கைக்கு வந்திருந்தனர். 10ஆம் நூற்றாண்டு அரபு எழுத்தாளர் அபூ ஸைத் இங்கே யூதர் வாழ்ந்ததாகக் குறிக்கிறார். 12ஆம் நூற்றாண்டின் அல்-இத்ரீசி, இலங்கை மன்னனின் பதினாறு அமைச்சருள் நால்வர் யூதர் என்கிறார். விவிலியம் கூறும் இஸ்ரவேல் மன்னன் சாலொமோனின் கப்பல்கள் வந்த தர்ஷீஸ் காலித் துறைமுகமே என்று எமர்சன் டெனன்ட் 1859 இல் எழுதியதை இன்றைய ஆய்வு ஏற்பதில்லை.

பிராங்பர்ட் யூதக் குடும்பத்தைச் சேர்ந்த, ரொத்சைல்ட் வழியினரான மொறிஸ், கேப்ரியல் டி வோர்ம்ஸ் சகோதரர் 1840களில் புசல்லாவையில் தோட்டம் திறந்தனர். ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிடுவதற்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு முன்பே சீனத் தேயிலையை அங்கே நட்டனர். ரொத்சைல்ட் தோட்டம் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. தோட்டத்தில் உழைத்தவர்கள் தமிழ்த் தொழிலாளர். அவர்கள் பெயர் அதற்கு வைக்கப்படவில்லை.

இன்று இலங்கையில் யூதர் மிகச் சிலரே. இஸ்ரேலியப் பயணிகள் அறுகம்பை போன்ற கரையோர இடங்களுக்கு வந்துபோகின்றனர்.