விரலில் இருந்ததைப் பிடித்து, வாயில் இருந்ததை விட்ட சட்டம்



வேளாண்மை அலுவலர் புகையிலையைப் பற்றிப் பேசுகிறார் என்றால், நாற்றங்கால், உர அளவு, நுனி கிள்ளும் பருவம் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். நம் காஞ்சிபுரம் வட்டாரத்தில் நெல்லும் வேர்க்கடலையும் கரும்பும்தான் பயிர். புகையிலை விளைவது திண்டுக்கல், ஈரோடு, கரூர், வேதாரண்யம் பக்கங்களில். விளைவிப்பது அவர்கள், மெல்லுவது நாம். ஆகவே இன்று சாகுபடியை விட்டுவிட்டு ஒரு வரலாறு சொல்லப் போகிறேன். புகையிலையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அரசாங்கம் இறங்கினால் எதில் முதலில் கை வைக்க வேண்டும்? சிகரெட்டிலா, பீடியிலா, கன்னத்தில் அதக்குகிற புகையிலையிலா? கடையிலா, வயலிலா? இதற்கு நம் நாடு எந்த வரிசையில் பதில் சொன்னது, அந்த வரிசையால் யாருக்கு என்ன ஆயிற்று என்பதுதான் விஷயம்.

புகையிலை நம் மண்ணுக்குச் சொந்தமான செடி அல்ல. மிளகாய், நிலக்கடலை, மரவள்ளி மாதிரி அதுவும் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் கப்பலில் வந்தது. 1617-லேயே ஜஹாங்கீர் பாதுஷா அதைப் புகைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். உத்தரவு நிற்கவில்லை, செடி பரவிவிட்டது. பழநி முருகனிடம் புகையிலையைத் தூது அனுப்புவதாகச் சீனிச்சர்க்கரைப் புலவர் 'புகையிலை விடு தூது' என்று ஒரு நூலே பாடினார், உ.வே. சாமிநாதையர் அதைப் பதிப்பித்தார். அந்த அளவுக்கு நம்மோடு ஒட்டிக்கொண்டது.

வெற்றிலை கதை வேறு. அது பழைய பழக்கம். வரதராஜர் சந்நிதியிலும் காமாட்சியம்மன் சந்நிதியிலும் வைக்கிற தாம்பூலத் தட்டில் வெற்றிலை உண்டு, பாக்கு உண்டு, புகையிலை கிடையாது. "முனீஸ்வரனுக்குச் சுருட்டு வைக்கிறோமே சார்" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வைக்கிறோம்தான். அதுவும் சுருட்டு வந்த பிறகு வந்த வழக்கம்தானே! பெரிய கோயில் தட்டில் ஏறாத புகையிலை, மனிதன் வாயில் மட்டும் வெற்றிலையோடு ஏறிக்கொண்டது. உழைக்கிறவனுக்கு அது ரொம்பத் தோதாகவும் போய்விட்டது. பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள். கால் மிதியில், ஒரு கை நாடாவில். பீடி பற்ற வைக்க முடியுமா? ஒரு பொறி பட்டுப் பாவில் விழுந்தால் போச்சு. புகையிலையை அதக்கிக்கொண்டால் பசி தெரியாது, தூக்கம் வராது, கையும் நிற்காது. நாற்று நடுகிற பெண்டுகளுக்கும் அப்படித்தான்.

இங்கே கொஞ்சம் விஞ்ஞானம் சொல்லாமல் முடியாது. கத்தரியிலோ அவரையிலோ அசுவினி விழுந்தால் புகையிலைக் கஷாயம் தெளித்திருப்பீர்கள். பூச்சி ஏன் செத்தது? நிகோடின் என்ற நஞ்சு. பூச்சி தன்னைத் தின்னாமல் இருக்க அந்தச் செடி உண்டாக்கிக்கொள்கிற நஞ்சு அது. புகையிலை பயிரிடுகிறவர் பூங்கொத்தைக் கிள்ளுவதும் பக்கச் சிம்புகளை ஒடிப்பதும், இலைக்குச் சாரம் ஏற வேண்டும் என்றுதான். அந்தச் சாரத்தில் முக்கியமானது இந்த நிகோடின். அதிகாலையில் பனி ஈரத்தோடு இலை ஒடித்தவருக்குத் தலை சுற்றி வாந்தி வருவதும் தோல் வழியாக நிகோடின் ஏறுவதால்தான். வெற்றிலையோடு சுண்ணாம்பு சேர்த்தால் இன்னும் சீக்கிரம் ரத்தத்தில் கலக்கும். ஆளை விடாமல் பிடித்து வைப்பது நிகோடின். புற்றை உண்டாக்குவது பெரும்பாலும் வேறு: இலையைப் பதப்படுத்திப் புழுங்க வைக்கும்போது அதில் உண்டாகிற நைட்ரோசமைன் என்ற பொருள்கள். புகையிலை இல்லாமல் பாக்கு மட்டும் போட்டாலும் ஆபத்துதான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் சொல்லிவிட்டது. வெறும் பாக்குதானே என்று யாரும் தைரியமாக இருக்க வேண்டாம்.

இது எப்போது தெரிந்தது என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். 1902-லேயே சென்னைப் பொது மருத்துவமனையின் நிப்ளாக் என்ற மருத்துவர் நம் பக்கத்து ஜனங்களின் கன்னப் புற்றைப் பற்றி எழுதினார். 1933-ல் ஆர் என்ற மருத்துவர், அப்போது திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மருத்துவமனையின் நோயாளிகளைப் பார்த்து, வெற்றிலையோடு சேரும் புகையிலையின் மீது விரல் நீட்டினார். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே பணியாற்றிய டாக்டர் சாந்தாவும் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் 1959-ல் வாய்ப் புற்றின் காரணங்களைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரையே வெளியிட்டார்கள். ஆக நம் ஊர் நோய் எங்கே இருக்கிறது, கன்னத்தில் இருக்கிறது, காரணம் எது என்பதெல்லாம் நம் ஊர் மருத்துவர்களுக்கு அன்றே தெரியும்.

அரசாங்கம் அப்போது என்ன செய்துகொண்டிருந்தது? வரி வாங்கிக்கொண்டிருந்தது. உலகப் போர் நேரத்தில், 1943-ல், புகையிலை இலைக்குக் கலால் வரி வந்தது. எத்தனை பேர் எவ்வளவு பயிரிட்டார்கள், பதப்படுத்தின இலை எத்தனை எடை என்று கணக்கு எழுத ஆள் வருவார். அந்தப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் 'புகையிலை இன்ஸ்பெக்டர்' கதை சொல்வார்கள். அந்த இலை வரியை 1979-ல் எடுத்துவிட்டார்கள். விவசாயிக்குத் தொல்லை விட்டது. ஆனால் வயலிலிருந்து எவ்வளவு இலை எங்கே போகிறது என்ற கணக்குப் புத்தகமும் அதோடு மூடிப்போயிற்று. 1948-ல் வேடசந்தூரில் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியதும் பயிரை வளர்க்கத்தான், குறைக்க அல்ல.

இதற்கிடையில் நம் ஊருக்கே ஒரு பெரிய இழப்பு. 1909-ல் இந்தக் காஞ்சிபுரத்தில் பிறந்து, 1967-ல் முதலமைச்சரான அறிஞர் அண்ணாவுக்கு 1968-ல் உணவுக்குழாயில் புற்று என்று தெரிந்தது. செப்டம்பரில் அமெரிக்காவில், நியூயார்க் நகரில் அறுவைச் சிகிச்சை நடந்தது. திரும்பி வந்தார், 1969 பிப்ரவரி 3-ஆம் தேதி காலமானார். வயது 59. அவருக்குப் பொடியும் புகையிலையும் போடும் பழக்கம் உண்டு. நோய்க்கு அந்தப் பழக்கமே காரணம் என்று சொல்லப்பட்டது. அவர் பெயரிலேயே நம் காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகாதவர் நம்மில் யாரும் இருக்கமாட்டார்கள்.

இப்படி ஒரு சாவுக்குப் பிறகு வந்த முதல் சட்டம் வாயில் போடும் புகையிலையைப் பற்றி இருந்திருக்க வேண்டும், இல்லையா? 1975-ல் பாராளுமன்றம் சட்டம் போட்டது. அது சிகரெட் சட்டம்! சிகரெட் பெட்டியில் மட்டும் எச்சரிக்கை வாசகம் போட வேண்டும் என்றது. பீடிக்கட்டுக்கு இல்லை, பன்னீர்ப் புகையிலைப் பொட்டலத்துக்கு இல்லை, பொடி டப்பாவுக்கு இல்லை. அதே ஆண்டு இன்னொரு சட்டம்: புகையிலை வாரியம் அமைத்து, சிகரெட்டுக்கான வர்ஜீனியாப் புகையிலையை வளர்க்க ஏற்பாடு. ஒரு கை எச்சரித்தது, மறு கை தண்ணீர் ஊற்றியது. இரண்டுமே மெல்லும் புகையிலைப் பக்கம் திரும்பவில்லை.

ஏன் இப்படி ஆயிற்று? என் கணிப்பைச் சொல்கிறேன். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை 1950-ல் பிரிட்டனில் நிரூபித்தார்கள். 1964-ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை வந்தது. உலகம் முழுக்க அந்தப் பேச்சு. நாமும் அந்த வரிசையையே எடுத்துக்கொண்டோம். அவர்கள் ஊரில் நோய் நுரையீரலில். நம் ஊரில் வாயில். பக்கத்து வயல் மண் பரிசோதனைச் சீட்டை வைத்துக்கொண்டு நம் வயலுக்கு உரம் போட்ட மாதிரி. இன்னொரு காரணமும் உண்டு. சிகரெட் நாலைந்து பெரிய தொழிற்சாலைகளில் உற்பத்தியாகிறது. எண்ணலாம், வரி போடலாம், அச்சடிக்கச் சொல்லலாம். பீடி எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் சுற்றப்படுகிறது. நமக்குப் பக்கத்தில் வேலூர், குடியாத்தம் பகுதியில் அதில் பிழைக்கிற பெண்கள் ஏராளம். அவர்கள் வயிற்றில் அடிக்க யாருக்கும் மனம் வரவில்லை. அதை நான் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்தச் சலுகையால் பீடி மலிவாகவே இருந்தது. ஆண்டுக்கு 20 லட்சம் பீடிக்கு மேல் போகாத உற்பத்தியாளருக்குக் கலால் வரியே இல்லாமல் வைத்திருந்தார்கள். 2025 செப்டம்பரில்கூட ஜி.எஸ்.டி. கவுன்சில் சிகரெட்டுக்கும் மெல்லும் புகையிலைக்கும் 40 சதவீதம் என்று முடிவு செய்துவிட்டு, பீடிக்கு 28-லிருந்து 18 ஆகக் குறைக்கத் தீர்மானித்தது. பீடி சுற்றுகிறவருக்கு இரக்கம் காட்டுகிற வழி அவர் கூலியை உயர்த்துவது. பீடி பிடிக்கிற கூலிக்காரரின் நுரையீரலை விலையாகக் கொடுப்பது அல்ல.

அந்த இடைவெளியில்தான் சின்னப் பொட்டலம் நுழைந்தது. குட்கா, பான் மசாலா என்று பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கியது. வெற்றிலையை மடித்துச் சுண்ணாம்பு தடவத் தெரியாத பள்ளிக்கூடத்துப் பையனும் கிழித்து வாயில் கொட்டிக்கொண்டான். தமிழ்நாடு அரசு 2001 நவம்பரில் இவற்றுக்கு ஐந்து ஆண்டுத் தடை போட்டது. முதல் தடவையாக வரிசை மாறியது, வாய்ப் புகையிலை முன்னுக்கு வந்தது என்று சொல்லலாம். ஆனால் அந்த அதிகாரம் மாநில அதிகாரிக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பொட்டலம் திரும்பவும் தொங்கியது.

நடுவில் 2003-ல் மத்திய அரசின் பெரிய சட்டம் வந்தது. அதில் பீடி, பொடி, மெல்லும் புகையிலை எல்லாம் அடக்கம். 18 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது, பள்ளிக்கு நூறு கஜத்துக்குள் விற்கக் கூடாது என்றது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைக்கத் தடை. 2009-ல் படத்தோடு எச்சரிக்கை. 2011-ல், உணவுப் பொருளில் புகையிலையும் நிகோடினும் சேரக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு 2013 மே மாதம் தமிழ்நாடு மறுபடி தடை போட்டது. ஓராண்டுக்குத்தான் போட முடியும் என்பதால் வருஷா வருஷம் புதுப்பித்தார்கள். இப்படித் தொடர்ந்து நீட்டிக்க முடியாது என்று 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. அதன் பிறகும் தடை நீட்டிக்கப்பட்டு வந்திருக்கிறது. ஒரு புகையிலைப் பொட்டலம் உணவா, உணவு இல்லையா என்று வழக்காட இத்தனை வருஷம்!

பலன் என்ன? 2016-17-ல் நாடு முழுதும் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. பெரியவர்கள் நூறு பேரை எடுத்துக்கொண்டால் 21 பேர் வாயில் போடுவது போன்ற புகையில்லாப் புகையிலை, 8 பேர் பீடி, 4 பேர்தான் சிகரெட். முதல் சட்டம் யாரைப் பிடித்தது என்று இப்போது விளங்குகிறது அல்லவா? நாட்டில் மொத்தப் பழக்கம் 2009-10-ல் 34.6 சதவீதமாக இருந்தது, 28.6 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டிலோ 16.2-லிருந்து 20 ஆகக் கூடியது. மற்ற மாநிலங்களைவிடக் குறைவுதான், ஆனால் ஏறுகிற பக்கம் போனது. தடை போட்ட மாநிலத்தில் கூடியது என்றால், தடைக் காகிதம் பெட்டிக்கடை வரைக்கும் வந்து சேரவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

"அப்போ புகையிலை போடற விவசாயிய நிறுத்தச் சொல்லிட்டா முடிஞ்சுதே சார்?" என்று கூட்டங்களில் கேட்பார்கள். வயலிலிருந்து தொடங்குவது கடைசி வேலை, முதல் வேலை அல்ல. அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பு. மெல்லும் புகையிலை அந்த உப்பைத் தாங்கும். பருத்தியும் கேழ்வரகும் ஓரளவு தாங்கும்; ஆனால் புகையிலை கொடுக்கிற பணத்தைக் கொடுக்காது. 2005-ல் நடைமுறைக்கு வந்த உலகப் புகையிலை ஒப்பந்தத்தில் இந்தியாவும் கையெழுத்திட்டிருக்கிறது; விவசாயிக்கு மாற்றுப் பிழைப்புக் காட்ட வேண்டும் என்பது அதிலேயே உண்டு. 2015-16 முதல் பயிர் மாற்றுத் திட்டத்தில் தமிழ்நாடு உட்படப் பத்து புகையிலை மாநிலங்களைச் சேர்த்தார்கள். அந்தப் பக்கத்தில் உறவினர் இருந்தால், வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் இதைப் பற்றி விசாரிக்கச் சொல்லுங்கள். முதலில் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து உப்பின் அளவைத் தெரிந்துகொள்ளட்டும். அதைப் பார்த்துத்தான் மாற்றுப் பயிர் சொல்ல முடியும்.

நம் பக்கத்துக்கு வேறு பரிசோதனை. பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, இரண்டு கன்னத்தையும் இழுத்து, நாக்கைத் தூக்கிப் பாருங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, 15 நாளாகியும் ஆறாத புண், மூன்று விரலைச் செங்குத்தாக வைக்க முடியாதபடி வாய் திறக்கச் சிரமம் - இதில் எது இருந்தாலும் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வலி இல்லையே என்று இருக்காதீர்கள், ஆரம்பத்தில் வலிக்காது. பழக்கத்தை விட முடியாதவர்களுக்கு 1800 11 2356 என்று கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கிறது. தறிக்காரர் வீடுகளிலும் இந்த எண்ணைக் கொடுங்கள்.